அந்த அடுக்கில் இருந்தது என் பெயர்

என் பிரியமுள்ள சேவியர் மச்சானுக்கு,

நீ போய் ஏழு மாதம் ஆகிறது. உனக்கு ஒரு வரி எழுத எனக்கு இவ்வளவு நாள் பிடித்தது. துக்கத்தில் கை ஓடவில்லை என்று சொன்னால் அது பொய். துக்கம் என்று ஒன்றும் வரவில்லை. அடக்கத்தன்று குழியில் மண் போட்டேன், கையைத் தட்டிக்கொண்டேன், வந்தவர்களுக்கு டீ போதுமா என்று பார்த்தேன். எல்லாரும் என்னைத் தைரியசாலி என்றார்கள். பல் பிடுங்குவதற்கு ஊசி போட்ட பிறகு கன்னத்தைத் தொட்டால் அது யாருடைய கன்னமோ போல இருக்குமே, அப்படித்தான் இருந்தேன். இன்றைக்கும் பெரிய மாற்றமில்லை.

இதை மற்றவர்களும் படிப்பார்கள். படிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன். உன்னைப் பற்றி நான் நாலு பேர் முன்னால் ஒரு வார்த்தை சொன்னேன். அதைத் திருத்துவதும் நாலு பேர் முன்னால்தான் நடக்க வேண்டும்.

சிதம்பரத்தில் இன்ஜினியரிங் படித்த நாலு வருஷமும் நாம் ஒருவரையொருவர் மச்சான் என்றுதான் கூப்பிட்டோம். விடுதியில் எல்லாரும் எல்லாரையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள், அதில் அர்த்தம் ஒன்றும் கிடையாது. பிறகு நீ என் தங்கை ரீட்டாவைக் கட்டினாய். அந்தச் சொல் நிஜமாகிவிட்டது. மஞ்சக்குப்பம் மைதானத்துக்கு எதிரே மாடியில் இருக்கிற நம் சின்ன கம்பெனியில் எனக்கு முன்பே நீ சேர்ந்திருந்தாய். பதினோரு பேர். நான் கடலூரிலேயே இருந்தேன். நீ தினமும் சிதம்பரத்திலிருந்து பஸ்ஸில் வந்து போனாய்.

அப்படி வந்த ஒரு திங்கட்கிழமை காலையில்தான், ஆலப்பாக்கம் தாண்டி எங்கேயோ, ஜன்னலோரத்தில் உட்கார்ந்தபடியே நீ இறந்து போனாய். பக்கத்தில் இருந்தவர் நீ தூங்குகிறாய் என்று நினைத்தாராம். கடலூர் பஸ் ஸ்டாண்டில் எல்லாரும் இறங்கிய பிறகு கண்டக்டர் வந்து உன் தோளைத் தொட்டிருக்கிறார். மாரடைப்பு என்றார்கள். முப்பத்தெட்டு வயது. அந்தப் பஸ்ஸில் எந்த இடத்தில் நீ இல்லாமல் போனாய் என்று யாருக்கும் தெரியாது. நான் சில நாள் அதை மட்டும் யோசித்துக்கொண்டிருந்தேன்.

நீ முன்பு பார்த்த வேலை ஏற்கெனவே எனக்கு வந்திருந்தது. உன் நாற்காலியை யாரோ எடுத்துக்கொண்டார்கள், நான் தடுக்கவில்லை. குறிஞ்சிப்பாடியில் இருக்கிற டயாலிசிஸ் சென்டருக்கு நாம் செய்து கொடுத்த மென்பொருளை இப்போது நான்தான் பார்க்கிறேன். நோயாளிகளுக்கு என்றைக்கு, எத்தனை மணிக்கு முறை என்று செல்போனுக்குக் குறுஞ்செய்தி அனுப்புமே, அதுதான்.

போன மாதம் சார் கூப்பிட்டார். நம் முதலாளியை நாம் சார் என்று மட்டும்தானே சொல்வோம். பாதுகாப்புச் சோதனை ஒன்று வருகிறது, அந்த மென்பொருளின் இமேஜில் என்னென்ன இருக்கிறது, ஒவ்வொன்றும் எப்போது சேர்ந்தது என்று எழுதிக் கொடு என்றார்.

உனக்குச் சொல்ல வேண்டியதில்லை, படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு மென்பொருள் ஓடுவதற்கு வேண்டிய எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்துக் கட்டி வைக்கிற பொட்டலத்துக்குக் கன்டெய்னர் இமேஜ் என்று பெயர். அது அடுக்கடுக்காக உருவாகும். அதன் ஹிஸ்டரியைக் காட்டு என்று ஒரு கட்டளை கொடுத்தால், மேலே புதியது, கீழே பழையது என்று ஒவ்வோர் அடுக்கும் எதனால் வந்தது, எப்போது வந்தது, எவ்வளவு பெரியது என்று வரிசையாகக் காட்டும். செய்தது யார் என்று மட்டும் தானாகக் காட்டாது. அதற்காக நம் ஆபீஸில் நீ ஒரு வழக்கம் வைத்திருந்தாய். யார் கட்டினாலும் தன் பெயரை ஒரு லேபிளாக எழுதி உள்ளே வைக்க வேண்டும். அந்த லேபிளும் ஹிஸ்டரியில் ஒரு வரியாக வந்து நிற்கும்.

நான் அந்தக் கட்டளையைக் கொடுத்தேன். மேலே முதல் வரியில் உன் அடுக்கு இருந்தது. ஓடிக்கொண்டிருந்த கன்டெய்னருக்குள் போய்க் கோளாறைச் சரிசெய்து, அதை அப்படியே புது அடுக்காகச் சேமித்திருந்தாய். பக்கத்தில் ஆங்கிலத்தில் ஒரு குறிப்பு. நேரம் சரிசெய்யப்பட்டது, கவனக்குறைவு என்னுடையது, சேவியர். அவ்வளவுதான். அதற்குக் கீழே, அந்த இமேஜைக் கட்டியவர் என்கிற லேபிள். அதில் லூர்து என்று இருந்தது.

என் பெயர், மச்சான்.

பத்து மாதத்துக்கு முன் என்று பொத்தாம்பொதுவாகக் காட்டியது. சரியான தேதியைக் காட்டச் சொல்லி மறுபடியும் கேட்டேன். அது ஒரு ஞாயிற்றுக்கிழமை. உன் மகள் ஜெனி முதன்முதலாக நற்கருணை, அதாவது புதுநன்மை, வாங்கிய ஞாயிற்றுக்கிழமை. அந்தக் காலை ஒன்பது மணிக்கு நீ கோட்டும் சூட்டுமாகச் சிதம்பரத்தில் மாதா கோயில் வாசலில் நின்றுகொண்டிருந்தாய். நான் கடலூரில் வீட்டில் உட்கார்ந்து, ஒரு சின்ன வேலை, முடித்துவிட்டு வருகிறேன் என்று உனக்குப் போனில் சொன்னேன். பூசைக்கு அரை மணி நேரம் தாமதமாக வந்தேன். என்ன வேலை என்று நீ கேட்கவில்லை. நானும் அதற்கப்புறம் அதை நினைக்கவில்லை.

இமேஜ் பெரிதாக இருக்கிறது என்று, அடியில் இருந்த தளத்தை எடுத்துவிட்டுச் சின்னதாக ஒன்றை வைத்தேன். அதுதான் அந்த வேலை. முந்தைய இமேஜின் ஹிஸ்டரியையும் எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அதில் இந்திய நேரத்தை வைக்கிற வரி இருந்தது. நான் கட்டியதில் அது இல்லை. மறுவாரம் நீ அதை என் கையால் ஆனது என்று நம்பி, குறிஞ்சிப்பாடிக்கு ஏற்றினாய். ஏற்றியவன் என்று உன் பெயர் ஆபீஸ் பதிவில் விழுந்தது.

பிறகு நடந்தது உனக்குத் தெரியும். கடிகாரம் உலகப் பொது நேரத்துக்கு மாறி, ஐந்தரை மணி நேரம் பின்னால் போய்விட்டது. பகல் பன்னிரண்டு மணி முறைக்காரர்களுக்கு ஆறரை என்று செய்தி போனது, அவர்கள் விடிகிற நேரத்தில் வந்து காத்துக் கிடந்தார்கள். காட்டுமன்னார்கோயில் பக்கத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிற அஞ்சலை அம்மாவுக்குக் காலை ஒன்பதரைக்கு முறை. நாலு மணி என்று செய்தி வந்தது. விடியற்காலை நாலு மணிக்கு யார் கூப்பிடுவார்கள், சாயங்காலம் நாலு என்று நினைத்து அவர் சாயங்காலம் வந்தார். மெஷின் ஒன்றும் காலியில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். மறுநாள் மூச்சு முட்டி ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். மூன்று நாள் கழித்துப் பிழைத்து வந்தார்.

சார் எல்லாரையும் உட்காரவைத்துக் கேட்டார். நீ எழுந்து, நான்தான் ஏற்றினேன் சார், என் தப்பு என்றாய். கட்டியது யார் என்று நீ சொல்லவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. சார் என் பக்கம் திரும்பி, கூடவே இருக்கிறாயே, நீ பார்க்கவில்லையா என்றார்.

நான் சொன்னேன்: "சேவியர் கொஞ்சம் அவசரப்படுவான் சார்."

நீ என்னைப் பார்த்தாய். கோபமாகப் பார்த்த மாதிரி எனக்கு ஞாபகமில்லை. எந்த மாதிரியும் ஞாபகமில்லை. பார்த்தாய், அவ்வளவுதான்.

உன்னை அந்த வேலையிலிருந்து எடுத்து, வாடிக்கையாளர்களுக்குப் போனில் பதில் சொல்கிற இடத்தில் உட்காரவைத்தார்கள். பன்னிரண்டு வருஷம் வேலை செய்தவன். மூன்றரை மாதம், காதில் ஹெட்போனோடு, சொல்லுங்க மேடம், ஆஃப் பண்ணிட்டு ஆன் பண்ணுங்க என்று சொல்லிக்கொண்டிருந்தாய். மதியம் எப்போதும்போல என்னோடுதான் சாப்பிட்டாய். ரீட்டா வைத்தனுப்பிய மீன்குழம்பில் பாதியை எனக்குத் தள்ளினாய்.

சரிசெய்ய உட்கார்ந்தபோது நீ ஹிஸ்டரியைப் பார்க்காமல் இருந்திருக்க முடியாது. என் பெயர் உன் வரிக்கு நேர் கீழே இருக்கிறது. ஏன் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை? நானாகச் சொல்வேன் என்று இருந்தாயா? சொல்லத் தெரியாமல்தான் நான் இருக்கிறேன் என்று நினைத்தாயா? இல்லை, ரீட்டாவின் அண்ணன் என்று விட்டுவிட்டாயா?

எனக்குத் தெரியாது என்பதும் முழு உண்மை இல்லை, மச்சான். நேரம் ஐந்தரை மணி தள்ளியிருக்கிறது என்று அன்றைக்கு முதலில் காதில் விழுந்தபோது அந்த ஞாயிற்றுக்கிழமை வேலை லேசாக நினைவுக்கு வந்தது. ஒரு கட்டளை, ஒரு நிமிஷம், பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை.

சாரிடம் பட்டியலைக் கொண்டுபோனேன். அவர் பெயர்களைப் பார்க்கவில்லை, எத்தனை அடுக்கு என்று மட்டும் பார்த்தார். இவ்வளவு பழைய குப்பை எதற்கு, எல்லாவற்றையும் ஒரே அடுக்காக்கிவிட்டுப் பழையதை அழித்துவிடு, சோதனைக்கும் சுலபம் என்றார். அவருக்கு ஒன்றும் தெரியாது, நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். செய்திருந்தால் உன் வரியும் என் பெயரும் சேர்ந்து போயிருக்கும். என்னைச் செய்யச் சொன்னதே முதலாளி. இரண்டு நாள் அந்தக் கட்டளையைத் திரையில் அடித்து வைத்து, பார்த்துவிட்டு அழித்தேன். பெரிய மனப்போராட்டம் என்று நினைக்காதே. டீ குடிப்பேன், வந்து அடிப்பேன், அழிப்பேன். மூன்றாம் நாள் ஞாயிறு. சிதம்பரத்துக்குப் பஸ் ஏறினேன்.

ஜெனி மறைக்கல்வி வகுப்புக்குப் போயிருந்தாள். ரீட்டா அவள் யூனிஃபார்முக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். நான் உட்காராமலேயே எல்லாவற்றையும் சொன்னேன். கம்ப்யூட்டர் விஷயம் அவளுக்கு முழுக்கப் புரியவில்லை. இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

"அண்ணே, இரு. அவுரு அத பண்ணலியா?"

"பண்ணல."

"பண்ணேன்னு எங்கிட்ட சொன்னாரே."

அவள் சுவிட்சை அணைத்தாள். அன்றைக்கு நீ வீட்டுக்கு வந்து, என் தப்பால் ஓர் அம்மா ஆஸ்பத்திரியில் இருக்கிறார் என்று சொன்னாயாமே. ஓர் உயிர் போயிருந்தால் என்ன செய்திருப்பீர்கள், நம் வீட்டிலும் ஒரு பெண் குழந்தை இருக்கிறது என்று உன்னைத் திட்டினாளாம். மூன்று நாள் உன்னோடு பேசவில்லையாம். சோற்றைப் போட்டுவிட்டு உள்ளே போய்விடுவாளாம். நீயும் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டு எழுந்திருக்கிறாய். இதை நீ என்னிடம் சொன்னதேயில்லை.

"மூணு நாள்ணே," என்றாள் ரீட்டா. யூனிஃபார்மை மடித்துக்கொண்டே, "நீ ஏன் இத இப்ப எங்கிட்ட சொன்ன? சொல்லாம இருந்திருந்தா அவுருமேல கொஞ்சம் கோவத்தோடயாவது இருந்திருப்பேன். இப்ப அதுவும் போச்சு."

அவள் அழவில்லை, நானும் அழவில்லை. உண்மையைச் சொன்னால் மனசு லேசாகும் என்பார்களே, அப்படி எதுவும் நடக்கவில்லை. என்னிடம் இருந்ததை எடுத்து அவள் மேல் வைத்துவிட்டேன், என்னிடமும் குறையவில்லை. புறப்படும்போது கதவருகே வந்து சொன்னாள்.

"எங்கிட்ட சொல்லி என்ன ஆவுது? அவுர எங்க வச்சுக் கேட்டாங்களோ, அங்க போய்ச் சொல்லு."

மறுநாள் சாரிடம் எல்லாரையும் கூப்பிடச் சொன்னேன். அதே அறை. ஹிஸ்டரியைச் சுவரில் பெரிதாகப் போட்டுக் காட்டினேன். இந்த இமேஜைக் கட்டியது நான், நேரத்தை எடுத்தது நான், சேவியர் அவசரப்படுகிறவன் என்று இதே இடத்தில் சொன்னதும் நான் என்றேன். குரல் வாராந்திர அறிக்கை படிக்கிற மாதிரி வந்தது.

சார் மேஜையையே பார்த்துக்கொண்டிருந்தார். "சரி லூர்து. ஆள் இல்லாதப்ப இத பேசி என்ன," என்றார். எழுந்து கதவு வரை போனவர் நின்றார். "நான்தான அவர போன்ல உக்கார வச்சேன்," என்று யாருக்கும் சொல்லாதது போலச் சொல்லிவிட்டு வெளியே போனார்.

பழைய இமேஜை அழிக்கவில்லை. சோதனைக்குப் புதிதாக ஒன்றைச் சுத்தமாகக் கட்டிக் கொடுத்தேன். பழையது அப்படியே இருக்கட்டும் என்றேன், சார் தலையாட்டினார். அறிக்கையில் அந்தக் கோளாறு யாரால் வந்தது என்று ஒரு வரி இருக்கிறது. அதில் உன் பெயர் சரிசெய்தவன் என்கிற இடத்தில் மட்டும் வருகிறது.

இன்னும் ஓர் ஆள் பாக்கி. புதன்கிழமை குறிஞ்சிப்பாடிக்குப் போனேன். அஞ்சலை அம்மா மெஷினில் படுத்திருந்தார், கையில் குழாய். நர்ஸ் என்னை ஸ்டூல் போட்டு உட்காரவைத்தார். எந்தக் கம்பெனி என்று சொன்னதும், நான் வந்த விஷயத்தைச் சொல்வதற்குள் அந்த அம்மாவே கேட்டார்.

"அந்த சேவியர் தம்பி ஏம்பா இப்பல்லாம் பேசறதில்ல?"

நீ செவ்வாயும் வெள்ளியும் சாயங்காலம் அவருக்குப் போன் செய்திருக்கிறாய். நாளைக்குக் காலை ஒன்பதரை அம்மா, சாயங்காலம் இல்லை, காலை என்று வாரம் இரண்டு முறை, உன்னைப் போனில் உட்காரவைத்த நாளிலிருந்து. ஆபீஸில் யாரும் உன்னைச் செய்யச் சொல்லவில்லை. பக்கத்து மேஜையில் இருந்த எனக்கே தெரியவில்லை. செய்தி சரியாக வருகிறது தம்பி, எதற்கு உனக்குச் சிரமம் என்று அவர் சொல்லியும் நீ விடவில்லையாம். சாப்பிட்டது என்ன, கால் வீக்கம் எப்படி என்றும் கேட்பாயாம்.

நீ இல்லை என்று சொன்னேன். அவர் மேலே ஓடுகிற மின்விசிறியைப் பார்த்தார். "நானே ஒருநா அந்த நம்பருக்குப் போட்டேன். ஒரு பொண்ணு எடுத்துச்சு. ஒண்ணும் பேசல. ராங் நம்பருன்னு வச்சிட்டேன்," என்றார். உன் போன் ரீட்டாவிடம்தான் இருக்கிறது.

பிறகு என் விஷயத்தைச் சொன்னேன். உங்களை ஆஸ்பத்திரிக்கு அனுப்பியது நான் செய்த தப்பு, அவன் செய்தது இல்லை என்றேன். அவர் என்னைத் திட்டவும் இல்லை, மன்னிக்கவும் இல்லை. அப்படியா என்று கேட்டுவிட்டு, "சனிக்கெழம எனக்கு எத்தினி மணிப்பா?" என்றார். ஒன்பதரை அம்மா, காலை என்றேன்.

அன்று சாயங்காலம் ரீட்டாவுக்குப் போன் செய்து இதைச் சொன்னேன். சிதம்பரத்திலிருந்து வந்த பிறகு அவள் என்னிடம் பேசியது அதுதான் முதல் தடவை. கேட்டுக்கொண்டே இருந்தாள். அந்த அம்மாவின் நம்பரைக் கொடு என்றாள். கொடுத்தேன்.

இப்போது செவ்வாயும் வெள்ளியும் உன் போனிலிருந்து ரீட்டாதான் அஞ்சலை அம்மாவைக் கூப்பிடுகிறாள். மறுநாள் முறை எத்தனை மணிக்கு என்று நான் பார்த்து ரீட்டாவுக்குச் சொல்கிறேன். சரிண்ணே என்று வைத்துவிடுகிறாள். அந்த அம்மாவோடு அரை மணி நேரம் பேசுகிறாளாம், ஜெனி சொன்னாள். என்னோடு அந்த ஒரு வார்த்தைதான். எனக்கு அது போதுமா போதாதா என்றுகூடத் தெரியவில்லை. வாரத்தில் இரண்டு முறை அந்த ஒரு வார்த்தைக்காகப் போனைக் கையில் வைத்திருக்கிறேன், அது மட்டும் தெரிகிறது.

ஜெனி உயரமாகிவிட்டாள். கணக்கில் உன்னைப் போல, கையெழுத்தில் ரீட்டாவைப் போல. அப்பா ஆபீஸில் என்ன வேலை பார்த்தார் என்று போன வாரம் என்னிடம் கேட்டாள். நோயாளிகளுக்கு நேரம் சொல்கிற வேலை என்றேன். அவளுக்கு வயது பத்துதான். மீதியைக் கேட்கிற நாள் வரும். அன்றைக்கு அவள் அம்மாவையோ ஆபீஸ்காரர்களையோ சொல்லவிடமாட்டேன், மச்சான். அவளை எதிரே உட்காரவைத்து, உன்னைப் பற்றி நான் சொன்ன அந்த ஒரு வரியையும் விடாமல், நானே சொல்வேன். அவள் எழுந்து போனாலும் சொல்லி முடிப்பேன்.

உன் மச்சான்,
ரீட்டாவின் அண்ணன்,
ஜெனிக்குத் தாய்மாமன்,
லூர்து